சிறுப்பிட்டியிலிருந்து சென்னைக்கு: தொழில் தேடிச் சென்றவர் தமிழுக்குத் தேடித் தந்தவை

பட்டப்படிப்பை முடித்த பிள்ளை அடுத்து என்ன செய்யப் போகிறான் என்ற கவலை இல்லாத வீடு நம் மத்தியில் அரிதாகிவிட்டது. நியமனம் கோரிப் பட்டதாரிகள் வீதியில் அமர்ந்த காட்சிகளை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அம்பாறையிலும் நாம் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கின்றோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், காத்திருக்கும் பொறுமையை இழந்தவர்களாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் ஏராளம். கொழும்புக்கு, வளைகுடாவுக்கு, மேற்கு நாடுகளுக்கு எனப் போகின்றவர்களை வழியனுப்பும் பெற்றோரின் மனத்தில் இரண்டு எண்ணங்கள் ஒன்றோடொன்று போராடுகின்றன. பிள்ளை தலையெடுத்து விடுவான் என்ற ஆறுதல் ஒன்று. நம்மை விட்டும் நம் மண்ணை விட்டும் மொழியை விட்டும் அவன் போய்விடுவானோ என்ற அச்சம் மற்றொன்று.

இந்த அச்சம் புதியதன்று. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தின் ஒரு சிறிய கிராமத்திலிருந்து, கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுக் கடல் கடந்து சென்னைப் பட்டினத்துக்கு வேலைக்குச் சென்ற ஓர் இளைஞரின் வாழ்வை இவ்வேளையில் நினைவுகூர்வது பொருத்தமென நாம் கருதுகின்றோம். அவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். தமிழ்ப் பதிப்புத்துறையின் முன்னோடி என்று பாடநூல்களில் அவரைப் படித்திருக்கின்றோம். ஆனால் அவர் முழுநேரப் பதிப்பாசிரியராக ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும், ஆசிரியர், பத்திரிகையாளர், அரசாங்கக் கணக்கர், சட்டத்தரணி, நீதிபதி எனத் தொழில் மாறி, ஊர் மாறி வாழ்ந்த ஓர் உத்தியோகத்தர் என்பதையும் நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி சிறுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி. கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்த குடும்பம் அது. தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பாடசாலையில் ஆங்கிலக் கல்வியைத் தொடங்கிய அவர், தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் பாடங் கேட்டார். மிஷன் பாடசாலை வாங்கில் ஒரு கல்வி, கவிராயரின் திண்ணையில் ஒரு கல்வி என இரு வேறு உலகங்களிலே ஒரே வேளையில் கால் பதித்து வளர்ந்த தலைமுறை அது. பின்னாளில் அவருடைய வாழ்வை நடத்திச் சென்றவை இவ்விரு கல்விகளுமே.

1844ஆம் ஆண்டில் அவர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய அக்கலாசாலை, அக்காலத்தில் ஆசியாவிலேயே குறிப்பிடத்தக்க உயர்கல்வி நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம், தருக்கம், இயற்கை விஞ்ஞானம் யாவும் அங்கே போதிக்கப்பட்டன. எட்டு ஆண்டுகள் அங்கு பயின்று 1852ஆம் ஆண்டில் வெளியேறியபோது தாமோதரம்பிள்ளைக்கு வயது 20.

அவர் வெளியேறி மூன்று ஆண்டுகளுக்குள், 1855ஆம் ஆண்டில், அச்செமினரி மூடப்பட்டது. மூடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று இன்றைய வாசகர்களுக்கு வியப்பைத் தரும். ஆங்கிலங் கற்ற மாணவர்கள் மிஷன் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடிப் போகின்றார்கள் என்று அமெரிக்காவிலிருந்த மிஷன் மேலிடம் மனக்குறை கொண்டது. வேலைக்காகவே படிக்கின்றார்கள், படித்தவுடன் போய்விடுகின்றார்கள் என்று இன்று நம் பட்டதாரிகளைப் பற்றிக் கூறப்படும் அதே குறை, அன்று ஒரு பெரும் கலாசாலையையே மூடச் செய்தது. அக்குறை எவ்வளவுக்கு நியாயமானது என்பதற்கு அச்செமினரியின் மாணவர் ஒருவரின் வாழ்வே விடை கூறுகின்றது.

படிப்பு முடிந்ததும் அவருக்குக் கிடைத்த முதலாவது தொழில் கோப்பாயில் ஆசிரியப் பயிற்சிப் பாடசாலையில் ஆசிரியர் பதவி. வீட்டுக்கு அண்மையில், மதிப்பான ஓர் உத்தியோகம். இன்றைய பெற்றோர் எவரும் இதற்கு மேல் ஆசைப்படமாட்டார்கள். அந்த ஆசிரியப் பணிக்கு நடுவே, 1854ஆம் ஆண்டில், குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். 22 வயது இளைஞரின் இம்முயற்சியே பின்னால் வரப்போகும் பெரும் பணிக்குப் பிள்ளையார் சுழியாக அமைந்தது. அவரை ஊரிலிருந்து வெளியே இட்டுச் சென்றதிலும் அவருக்கு ஏற்பட்டிருந்த தமிழறிஞர் என்ற பெயருக்குப் பங்குண்டு.

யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அப்போது சென்னையிற் குடியேறியிருந்தார். ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பேர்சிவல்தான் அவர். சென்னையில் அவர் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்த ஒருவர் தேவைப்பட்டார். அவருடைய அழைப்பை ஏற்று இளைஞர் தாமோதரம்பிள்ளை சென்னைக்குப் புறப்பட்டார்.

அன்றைய பயணத்தை நாம் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் குறுக்கே நின்ற காலமன்று அது. ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய துறைகளிலிருந்து பாய்மரக் கலங்கள் அக்கரைக்குச் சென்று வந்தன. நாகப்பட்டினம், நாகூர், காயல்பட்டினம் முதலிய துறைகளின் முஸ்லிம் வணிகர்களின் மரக்கலங்களும் அதே கடலிலே பண்டங்களையும் மனிதர்களையும் ஏற்றி இறக்கின. கடல் அன்று இரு கரைகளையும் பிரிக்கவில்லை. எனினும் அக்கரையிலே இறங்கிய பின்னர் சென்னைவரை நீண்ட வழி கிடந்தது. தென்னிந்தியாவின் முதலாவது புகையிரதப் பாதை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியை நோக்கித் திறக்கப்பட்டதே 1856ஆம் ஆண்டிற்றான். நாகப்பட்டினத்து வழியில் வந்தவருக்கு அதனாற் பயனில்லை.

சென்னை அவருக்கு முற்றிலும் அந்நியமான நகரமாகவும் இருக்கவில்லை. பெரிய தமிழ் ஆங்கில அகராதியை 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட வின்சிலோ பாதிரியார் யாழ்ப்பாணத்திலிருந்து முன்னரே அங்கு சென்றிருந்தார். நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்குமாக மாறிமாறிப் போய் வந்துகொண்டிருந்தார். முன்னே போனவர் பின்னே வருபவருக்குக் கை கொடுப்பது புலம்பெயர்வின் பழைய விதி. இன்று கொழும்பிலோ கட்டாரிலோ இறங்கும் இளைஞனை ஊரவர் ஒருவர் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்வது போன்றதே அது. ஆயினும் அழைத்துச் செல்பவர் கதவைத்தான் திறந்துவிடலாம். உள்ளே நிலைத்து நிற்பது போனவரின் தகுதியைப் பொறுத்தது.

தாமோதரம்பிள்ளை தம் தகுதியை விரைவாகவே நிலைநாட்டினார். பத்திரிகைப் பணியோடு ஆங்கில உத்தியோகத்தர் சிலருக்குத் தமிழும் கற்பித்தார். பின்னர் இராசதானிக் கல்லூரியிலே தமிழ்ப் புலமைப் பதவி கிடைத்தது. இதற்கிடையில், 1857ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி.ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள். எந்தக் கலாசாலை பயனற்றதெனக் கருதப்பட்டு மூடப்பட்டதோ, அதன் பிள்ளைகள் இருவரே தென்னிந்தியாவின் முதற் பட்டதாரிகளாயினர். ஏற்கனவே தொழிலில் இருந்த ஒருவர், புதிய பட்டமொன்று அறிமுகமானதும் மீண்டும் மாணவனாகிப் பரீட்சை எழுதத் தயங்கவில்லை என்பதையும் இங்கு நாம் கவனிக்கவேண்டும்.

பட்டம் பெற்ற பின்னரும் அவர் ஓரிடத்தில் அமர்ந்துவிடவில்லை. மலையாளக் கரையிலுள்ள கள்ளிக்கோட்டையில் அரசினர் பாடசாலையில் ஆசிரியராகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் ஏற்றுப் படிப்படியாக உயர்ந்தார். தமிழ்ப் புலவர் ஒருவர் நாள் முழுவதும் கணக்குப் பேரேடுகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார் என்பது சிலருக்கு வருத்தமாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் எண்ணையும் தவறவிடாது சரிபார்க்கும் பழக்கம், பிரதிக்குப் பிரதி வேறுபடும் ஏடுகளை ஒப்புநோக்கும் வேலைக்கு உதவியிருக்கவே வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தச் சம்பளமே அவருடைய நூல்களை அச்சேற்றியது.

அன்றைய நிலைமையை விளங்கிக்கொண்டாற்றான் அவர் செய்த பணியின் பருமன் புலப்படும். பண்டைத் தமிழ் நூல்கள் பனையோலைச் சுவடிகளிலே கிடந்தன. ஓலைக்கு ஆயுள் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை புதிய ஓலையிற் படியெடுக்காவிட்டால் பழையது இற்றுப்போகும். படிப்போர் குறைந்ததனாற் படியெடுப்போரும் குறைந்தனர். செல்லும் பூச்சியும் அரித்த சுவடிகள் அடுப்புக்கும் ஆற்றுக்கும் போயின. எஞ்சிய சுவடிகளைப் படிப்பதும் எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படவில்லை. நெடிலின் காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். பாட்டும் உரையும் இடைவெளியின்றி ஒரே தொடராக ஓடும். மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறிவதற்கே பெரும் புலமை வேண்டும். ஏடு வைத்திருந்தோர் பலர் அதனைக் கண்ணிற் காட்டவும் மறுத்தனர்.

இத்தகைய சூழ்நிலையில், கணக்கு அலுவலகத்தில் இருந்துகொண்டே 1868ஆம் ஆண்டில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளிவரச் செய்தார். அதனைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர். தம்மிலும் பத்து வயது மூத்தவரான நாவலரின் புலமையைத் துணைக்கொண்டு தம்முடைய முயற்சியைத் தொடங்கிய அடக்கம் குறிப்பிடத்தக்கது. 1879ஆம் ஆண்டில் நாவலர் மறைந்த பின்னர், அந்தப் பொறுப்பு முழுவதும் தம் தோளில் விழுந்தது என உணர்ந்தவர் போல அவர் செயற்பட்டார்.

இதற்கு முன்னரே, 1871ஆம் ஆண்டில், தமது 39ஆவது வயதை அண்மித்த நிலையில், உத்தியோகத்தில் இருந்தவாறே சட்டப் பரீட்சையிற் சித்தியெய்தி பி.எல். பட்டம் பெற்றிருந்தார். 1882ஆம் ஆண்டில் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்திற் சட்டத்தரணியாகத் தொழில் நடத்தினார். காவிரிக் கரையிலுள்ள அந்நகரம் தமிழ்ப் புலமைக்கும் ஏட்டுச் சுவடிகளுக்கும் நடுநாயகமான இடம். அருகிலேயே திருவாவடுதுறை ஆதீனம். அதே ஊரின் அரசினர் கல்லூரியில் உ. வே. சாமிநாதையர் தமிழாசிரியராக இருந்தார். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியும் தஞ்சைத் தரணியின் தமிழாசிரியரும் ஒரே ஊரில் வாழ்ந்து ஏடுகளைப் பற்றி உரையாடிய அந்த ஆண்டுகள் தமிழுக்கு வாய்த்த நற்காலம்.

1881ஆம் ஆண்டில் வீரசோழியம், 1883ஆம் ஆண்டில் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887ஆம் ஆண்டில் கலித்தொகை, 1889ஆம் ஆண்டில் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891, 1892ஆம் ஆண்டுகளில் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையுடன் என அவருடைய பதிப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலில் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. 1887 முதல் 1890 வரை அவர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார் என்பதையும் இப்பட்டியலோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பகலில் வழக்கு, இரவில் ஏடு என்பதே அவருடைய வாழ்வாக இருந்திருக்கவேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்த நூல்களும் நம் சிந்தனைக்கு உரியன. வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றிய இலக்கணம். சூளாமணி சமண காவியம். தணிகைப் புராணம் சைவ நூல். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, மிஷன் பாடசாலைகளிற் கற்று, பின்னர் சைவத்துக்குத் திரும்பிய அவர், நூலாசிரியரின் சமயத்தைப் பார்த்து ஏட்டைக் காப்பாற்றவில்லை. அவருடைய புதல்வர் அழகசுந்தரம் மீண்டும் கிறிஸ்தவத்தைத் தழுவி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரோடு தாமும் ஒரு தமிழறிஞராக விளங்கினார். ஒரே குடும்பத்தில் சமயம் மாறி மாறி வந்தபோதும் தமிழ் மாறவில்லை. தமிழை ஒரு சமயத்தின் உடைமையாகக் காணாத இந்த மனப்பாங்கு, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நம் நாட்டிற்கு இன்றும் வேண்டப்படுகின்றது.

அவருடைய பதிப்புகள் குறையற்றவை என்று நாம் கூறவரவில்லை. பொருளதிகாரம் முழுவதற்குமான உரையை நச்சினார்க்கினியருடையது என அவர் வெளியிட்டார். அதன் பிற்பகுதி இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர்கள் நிறுவினர். அவர் காலத்திலேயே அவரைக் கண்டித்து எழுதியோரும் இருந்தனர். ஆனால், பிழை காண்பதற்கும் ஒரு நூல் கையில் இருக்கவேண்டும். அந்த நூலைக் கையிற் கொடுத்தவர் அவரே. தாம் பிழைவிடுவோம் என்று அஞ்சி அவர் காத்திருந்திருப்பாராயின், திருத்துவதற்கே ஏடு எஞ்சியிராது.

நூல் வெளியீட்டினால் அவருக்குப் பொருள் வரவில்லை. வாங்குவோர் சிலராகவும் செலவு பெரிதாகவும் இருந்தன. சட்டத் தொழிலில் முழுமனத்தையும் செலுத்தியிருந்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கக்கூடிய ஒருவர், ஈட்டியதை ஏட்டிலே இட்டார். ஊரையும் அவர் மறந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏழாலையிலே ஒரு வித்தியாசாலையை நிறுவினார். பிற்காலத்திற் பெரும் புலவராகப் புகழ்பெற்ற சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராகப் பணியாற்றினார். சென்னையில் உழைத்த பணம் ஏழாலைப் பிள்ளைகளின் கல்வியாகத் திரும்பி வந்தது.

இவ்விடத்தில் அவருடைய சமகாலத்தவரான அறிஞர் சித்திலெப்பை அவர்களும் நம் நினைவுக்கு வருகின்றார். 1838ஆம் ஆண்டில் கண்டியிற் பிறந்த அவரும் சட்டத்தரணியே. அவரும் தம் தொழிலாற் பெற்ற வசதியையும் செல்வாக்கையும் 1882ஆம் ஆண்டில் முஸ்லிம் நேசன் பத்திரிகைக்கும், முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கும், தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றான அசன்பேயுடைய சரித்திரத்துக்கும் செலவிட்டார். ஒருவர் கடல் கடந்து போனவர், மற்றவர் இங்கேயே இருந்தவர். போவதும் இருப்பதுமல்ல, தொழில் தரும் வலிமையை எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்பதே ஒருவருடைய வாழ்வை அளக்கும் கோல் என்பதை இவ்விருவரும் உணர்த்துகின்றனர்.

1895ஆம் ஆண்டில் அரசாங்கம் தாமோதரம்பிள்ளைக்கு இராவ்பகதூர் பட்டம் வழங்கியது. 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, புதிய நூற்றாண்டின் முதல் நாளன்று, சென்னை புரசைவாக்கத்தில் அவர் காலமானார். சிறுப்பிட்டியிற் பிறந்தவர் சென்னை மண்ணிலேயே கலந்தார்.

அவருடைய வாழ்வைக் காட்டி எல்லோரும் வெளியேறிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. படித்தவர்கள் அனைவரும் போய்விட்ட ஊரின் வெறுமையை நாம் அறிவோம். தாமோதரம்பிள்ளையைப் போன்ற ஒருவருக்கு ஊரில் அச்சகமும் வாசகரும் ஆதரவும் போதிய அளவு இருந்திருந்தால் அவர் போயிருக்கவே வேண்டியதில்லை என்பதும் உண்மை. தகுதிக்கேற்ற வேலையைத் தம் ஊரிலேயே கேட்கும் பட்டதாரியின் குரல் நியாயமானது. அதற்குச் செவிசாய்க்கவேண்டியது அரசின் கடமை.

ஆனால் போகத்தான் வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்கு அவருடைய வரலாறு சில செய்திகளை வைத்திருக்கின்றது. முதலிற் கிடைக்கும் வேலையே முடிந்த வேலையன்று. ஒரு பட்டத்தோடு கல்வி முடிவதில்லை. தொழில் வேறு, மனத்துக்குரிய பணி வேறு என்றிருப்பது துரதிர்ஷ்டமன்று, முன்னது பின்னதைத் தாங்கும் தூணாகலாம். புதிய நகரத்திற் பிழைப்பதற்காகச் சொந்த மொழியைக் கழற்றி வைக்கவேண்டியதில்லை. அந்த மொழியறிவே தாமோதரம்பிள்ளைக்குச் சென்னையின் கதவைத் திறந்தது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1850களிற் சிறுப்பிட்டியிலிருந்து மகனை வழியனுப்பிய பெருந்தேவி அம்மையார், தம் மகன் எதைக் கொண்டு திரும்புவான் என்பதை அறிந்திருக்கமாட்டார். அவர் மகன் கொண்டுவந்து சேர்த்தவை தொல்காப்பியமும் கலித்தொகையும். பிள்ளைகளை அனுப்பும்போது பணத்தையும் சான்றிதழையும் பெட்டியில் வைக்கும் நாம், மொழியையும் அதன்மீதான பற்றையும் உடன் வைத்து அனுப்புகின்றோமா என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும். அதனை வைத்து அனுப்பினால், எவ்வளவு தொலைவு சென்றாலும் அவர்கள் நம்மவர்களாகவே இருப்பார்கள்.